சுனைப்பாட்டில் அழிந்த சொல்

நலம் பெருகுக. ஏழு சுனை சூழ்ந்த மணிக்கல் மலைக்கு உரியவரும், வடபுலப் போர் முடித்து மீண்டவருமான மாநாகப் பெருவிறலார் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் பூவன் தாயன் எழுதுவது. வேயனூர்க் கூற்றத்தைக் காக்கும் நாடுகாவலர் கோளரி வேளார் காண்க. உம் கோட்டையும் கழனியும், உம்மை அண்டிய குடிகளும் குறைவின்றி இருக்க.

வேயனூர்த் தொன்னூற் கழகத்தைக் கலைத்து, அதன் மண்டபத்தை யானைக்கொட்டிலாக்க வேண்டுமென நீர் விடுத்த விண்ணப்பம் வந்து சேர்ந்தது. அங்கே கேட்பார் ஒருவரும் இல்லை, வாசிப்பவளோ நாட்டுக்கு உதவாதவள் என்று எழுதியிருந்தீர். அந்தக் காரிநங்கையாரை வரவழைத்து விசாரித்ததில் தெரியவந்தது இது.

உப்பு வாணிகர் குடியில் பிறந்த காரிநங்கையார் பத்தொன்பது ஆண்டுகளாய், சந்தை கூடும் நாள்தோறும், உச்சிப்பொழுதில் பழம்பாட்டுகளை உரக்க வாசித்துப் பொருள் சொல்லி வந்தார். குயவர், ஓடக்காரர், மருத்துவர் எனக் கழகத்தார் ஒன்பது பேர். விற்றது போக மிஞ்சிய கூடைகளோடு ஊரார் வந்து அமர்ந்து கேட்பார்கள்.

சென்ற கோடையில் ஆறு வற்றியது. வேயனூருக்கு அதன் மலைச்சுனை ஒன்றே மிஞ்சியது. சுனைக்கு மதிலெடுத்துக் கோட்டைக்கு ஆக்க நீர் விரும்பினீர். ஆயர்களை விலக்கித் தமக்கே ஆக்கிக்கொள்ள ஊரார் விரும்பினர். சுனை யாருக்கு உரியது என்பதைக் கழகத்து ஏட்டிலுள்ள சுனைப்பாட்டு சொல்லும் என்று இருதிறத்தாரும் கேள்விப்பட்டிருந்தனர். பாட்டு சொல்லத்தான் செய்தது. ஆனால் அவ்விடத்தில் ஓலையைச் செல் அரித்திருந்தது. 'ர்க்கு உரியது இச்சுனை' என்னும் வால் மட்டுமே எஞ்சியிருந்தது.

'வேந்தர்க்கு' என்று எழுதிய புதிய ஓலையோடு உம் ஏவலர் வந்தார். 'ஊரவர்க்கு' என்று வாசிக்கும்படி ஊர்ப்பெரியோர் வந்து வேண்டினர். ஒன்பது பேரும் மூன்று நாள் ஏட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தனர். அயலூரில் இருந்த இரண்டு படிகளையும் வரவழைத்துப் பார்த்தனர். அவையும் இதே ஏட்டைப் பார்த்து எழுதியவை, அவ்விடத்தில் வெறுமையாயிருந்தன.

அடுத்த சந்தைநாளில் முந்நூறு பேர் கூடினர். காரிநங்கையார் அவ்வடி வரை வாசித்து நிறுத்தினார். "இந்த இடத்தில் ஒரு சொல் போய்விட்டது. அது என்னவென்று எங்களுக்குத் தெரியவில்லை," என்று சொல்லிவிட்டு, மேலே வாசிக்கலானார். கூட்டம் எழுந்து போயிற்று.

மறுவாரம் நாற்பது பேர் வந்தனர், பின்னர் நால்வர். ஆற்றில் நீர் வந்த பின்னும், ஊரார் சினந்து ஓடக்காரரின் ஓடத்தில் ஏற மறுக்கவே, அவரும் கழகத்தை விட்டு விலகினார். அவருக்குப் பின் ஐவர் விலகினர். மழைக்கு ஒதுங்கிய வண்டிக்காரர் ஒருவருக்காக ஒரு பாட்டு முழுதும் வாசித்த நாளும் உண்டு. பாதியில் மழை விட்டது, அவர் போய்விட்டார். அன்று தம் குரலே தமக்குச் சலித்ததாகவும், ஒரு சொல்லை இட்டு நிரப்பியிருந்தால் யார் அறியப்போகிறார்கள் என்று தோன்றியதாகவும் காரிநங்கையாரே ஒளிக்காமல் உரைத்தார். அடுத்த சந்தைநாளிலும் அவ்வடியில் நிறுத்தியே வாசித்திருக்கிறார்.

பதினொரு நாள் நடந்து வந்த அவரை, ஊகித்தேனும் ஒரு சொல் சொல்லும்படி மன்னர் பெருமான் கேட்டார். "ஊகத்துக்கு என்னிடம் ஆயிரம் சொல் உண்டு, பெருமானே. ஏட்டில் ஒன்றுமில்லை," என்றார் அவர்.

வேண்டும் வரம் யாதென மன்னர் வினவினார். மண்டபத்துக்குக் கூரை கேட்பார், மானியம் கேட்பார் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். "களைத்துப்போனேன். வேறொருவர் வாசிக்க, கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும் போலிருக்கிறது," என்றார்.

ஆகவே ஆணை பிறந்தது. மண்டபம் கழகத்துக்கே உரியது. யானைகளுக்கு வேறிடம் பார்க்க. அழிந்த சொல் கிடைக்கும் வரையில் சுனையை எவரும் மதிலிட்டு மறிக்கலாகாது, வருவார் எவரையும் விலக்கலாகாது. இன்றுதொட்டு ஓராண்டுக்குச் சந்தைநாள்தோறும் நீரே மண்டபமேறி வாசிக்க. உமக்கு மாற்றாக எவரையும் அனுப்ப வேண்டா. கேட்பார் முந்நூற்றுவராயினும், காரிநங்கையார் ஒருவரேயாயினும், குரல் தாழாது வாசிக்க. பிழை கண்டு அவர் திருத்தினால் ஏற்றுக்கொள்க.

இவ்வாணையை மன்னர் சொல்லி முடிக்குமுன்னரே காரிநங்கையார் தூணில் சாய்ந்து உறங்கிவிட்டார். முறைப்படி முரசறைய வந்தவரை மன்னர் கைகாட்டி நிறுத்தினார். அவை ஓசையின்றி எழுந்து கலைந்தது. யானும் இவ்வோலையை வெளிமுற்றத்திற்கு வந்தே எழுதலானேன். நாக இலச்சினை இட்டுள்ளோம். முரசு ஒலிக்காததால் இது ஆணை அன்றென்று நாடுகாவலர் எண்ண வேண்டா.