சேர்த்துக் குத்திய சீட்டு

கண்ணு,

உன் சிநேகிதியோடுதான் வாழ்வேன் என்று நீ சொன்னதிலிருந்து உன் பேச்சையே எடுக்காத அப்பா, நேற்று தேனாகப் பேசினார். "கோபமெல்லாம் போயிடுச்சு. பாப்பாவை வரச் சொல்லு, புதுசா ஒண்ணு தைச்சுத் தரணும்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

இன்று மதியம் சாப்பாடு கொடுக்கத் தையல் கடைக்குப் போனேன். மேசையில் உன் அளவுச் சீட்டோடு இன்னொரு சீட்டைச் சேர்த்துக் குத்தியிருந்தார். யாரோ ஓர் ஆணின் கோட்டு அளவு. பக்கத்தில் கல்யாணத் துணி விரிந்து கிடந்தது.

"யாருக்குங்க?"

கத்தரிக்கோல் நிற்கவில்லை. "அவ வந்ததும் தெரியும். வாசக் கதவைப் பூட்டுறது உன் வேலை."

வராதே. அன்று நீ அழுதபோது நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை நானே அங்கு வருகிறேன், அளவு நாடாவோடு. உன்னவளையும் வீட்டில் இருக்கச் சொல்.

எனக்கும் தைக்கத் தெரியும்.

உன் அம்மா