ஆர்லனின் இடதுகைக் கையெழுத்து

ஏப்ரல் 9

மத்தியானம் முழுக்க இரும்புக்கடை வாசலில் நின்றேன். ஆற்றுக் காற்று தாளைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. பலகையில் நாலு பக்கமும் கிளிப் போட்டும் நிற்கவில்லை.

ஒருவன் நின்று கேட்டான்: “ஹேல்ஸ்டெட்டா? யாருங்க அது?”

சொன்னேன். ஓய்வு பெற்ற நீதிபதி, எந்தக் கட்சியும் கிடையாது, ஜனாதிபதிப் பதவிக்கு நிற்கிறார்.

“ஜெயிப்பாரா?”

“அது அப்புறம். முதல்ல ஓட்டுச் சீட்டுல பேர் வரணும்.”

அவனுக்குப் புரியவில்லை. போன மாதம் வரை எனக்கும்தான் தெரியாது. பெரிய கட்சிகள் இரண்டுக்கும் பெயர் தானாக அச்சாகிவிடும். கட்சியில்லாதவன் மாநிலம் மாநிலமாக ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சட்டம், ஒரு கெடு. எங்கள் மாநிலத்தில் இருபத்தைந்தாயிரம் வாக்காளர்கள் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் ஜூன் முடிவதற்குள்.

அவன் போட்டான். போட்டுவிட்டு, “நான் அவருக்கு ஓட்டுப் போடமாட்டேன், சும்மா நிக்கட்டும்னுதான்” என்றான். பரவாயில்லை. அதுவும் கணக்கில் சேரும்.

ஏப்ரல் 12

தேவாலயக் கூடத்தில் மீன் வறுவல் சாப்பாடு. கோட் போட்ட ஒரு பெரிய மனுஷன் மனுத்தாளை வாங்கிப் படித்து, எண்ணெய்க் கையை அதிலேயே துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். சிரித்துக்கொண்டே.

ஏப்ரல் 21

எதற்கு இதெல்லாம் என்று என் தங்கை போனில் கேட்டாள். வயசான காலத்தில் தெருவில் நிற்கிறாயே என்றாள்.

என் புருஷன் ஆர்லனுக்குப் பக்கவாதம் வந்த அன்று ஊரில் ஆஸ்பத்திரி இல்லை. அதற்கு முந்தின வருஷம்தான் மூடினார்கள். ஆம்புலன்ஸ் ஆற்றைத் தாண்டி அடுத்த நகரத்துக்குப் போவதற்குள் அவன் வலது கை போய்விட்டது, பாதிப் பேச்சும் போய்விட்டது. மூடும்போது இரண்டு கட்சிக்காரர்களும் வந்தார்கள். வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

ஹேல்ஸ்டெட் பிப்ரவரியில் வந்தபோது காமிரா இல்லை. எங்கள் சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்தார். ஆர்லன் ஒரு வாக்கியத்தை முடிக்கும் வரை வாயைத் திறக்காமல் காத்திருந்தார். அதற்குப் பிறகு நான் வேறு என்ன செய்வேன்?

இன்று ஆர்லனும் போட்டான். தாளை நான் பிடித்துக்கொண்டேன், இடது கையால் அவனே எழுதினான். எழுத்து ஆடியது, கோட்டைத் தாண்டி ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“என் பேரு... மாதிரியே இல்ல” என்றான்.

“உன் பேருதான்” என்றேன்.

மே 18

கால் வீங்கிவிட்டது. இன்று ஒருவன் செத்துப்போன தன் நாயின் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறான். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. என்ன ஜனங்கள்.

ஜூன் 24

ஒப்படைத்துவிட்டோம். தலைநகரத்துக்குப் பெட்டி பெட்டியாகப் போனது. கேட்டதைவிட அதிகமாகவே சேர்த்திருக்கிறோம். எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பிரசாரத்தைப் பார்த்துக்கொள்ளும் கோர்ட்னி என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு என் மகள் வயதுதான். “நீங்க இல்லன்னா இந்தக் கவுண்டியே இல்ல கிளெண்டா” என்றாள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஜூலை 2

பெரிய கட்சிக்காரர்கள் ஆட்சேபணை போட்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கையெழுத்துகள் மீது. அதில் பாதியைத் தள்ளினால்கூட நாங்கள் அவுட்.

எங்கள் கவுண்டிக்கு யார் ஆட்சேபித்தது என்று கோர்ட்னியிடம் கேட்டேன். பெயரைச் சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

டுவேன் ஸ்ட்ராட்மன்.

பக்கத்து வீட்டு டுவேன். பெரிய கட்சி ஒன்றின் கவுண்டித் தலைவர்தான், தெரியும். ஆனால் ஆர்லனோடு இருபது வருஷம் மீன் பிடிக்கப் போனவன். அவன் தள்ளச் சொன்ன கையெழுத்துகளில் ஆர்லனுடையதும் இருக்கிறது. காரணம்: “பதிவில் உள்ள கையெழுத்தோடு பொருந்தவில்லை. வேறு ஆள் போட்டது.”

வேறு ஆளாம்.

ஜூலை 3

போய்க் கேட்டேன். புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தான்.

“டுவேன், அவன் கை போனது உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்போ நீதானே அவனைத் தூக்கி வண்டியிலேர்ந்து இறக்கின? உன் பொண்டாட்டி ஒரு வாரம் சாப்பாடு குடுத்து அனுப்பினா.”

“கிளெண்டா, இது ஆர்லன் மேல போட்டது இல்ல. பொருந்தாததை எல்லாம் எழுதிக் குடுன்னு தலைமையில சொன்னாங்க. பொருந்தல. எழுதிட்டேன்.”

“அவன்தான் போட்டான்னு தெரிஞ்சும்?”

முகத்தைத் துடைத்துக்கொண்டான். “உங்க ஆள் நின்னா எங்க ஓட்டு பிரியும். அப்புறம் அந்தப் பக்கத்தான் ஜெயிப்பான். அது உனக்குப் பரவாயில்லையா?”

அவன் என்னை எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டுப் போகச் சொன்னான். எப்படிடா உன்னால முடியுது? எப்படி?

ஆர்லனிடம் சொல்லவில்லை.

ஜூலை 4

சுதந்திர தினம். ஊரே வாணவேடிக்கை பார்க்கப் போய்விட்டது. டுவேன் வீட்டில் பெரிய கொடி. நான் திரையை இழுத்து விட்டேன்.

ஜூலை 10

தலைநகரத்தில் சரிபார்ப்பு. நீளமான ஒரு கூடம். ஒவ்வொரு மேஜையிலும் கணினி முன் ஒரு அலுவலர், அவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். திரையில் வாக்காளரின் பழைய கையெழுத்து, கையில் மனுத்தாள். செல்லும், செல்லாது, செல்லும், செல்லாது. ஒருவருக்கு மூச்சு விடும் நேரம்தான்.

பலது எங்கள் பக்கம்தான் தீர்ந்தது. ஆர்லன் முறை வந்தது. திரையில் அவனுடைய பழைய கையெழுத்து — பெரிய ‘A’, வாலைச் சுழற்றிப் போட்டிருப்பான். தாளில் அந்த ஆட்டம்.

“இவர் என் புருஷன். பக்கவாதம் வந்தவர். நான் பக்கத்துல இருந்தேன்” என்றேன்.

அலுவலர் நல்ல மாதிரிதான். “அவரே வந்து சத்தியம் பண்ணிக் குடுக்கணும்மா. நீங்க சொல்றதை நான் எடுத்துக்க முடியாது. இப்போதைக்குச் செல்லாது.”

ஆர்லன் ஆர்லன் இல்லை என்று சர்க்கார் சொல்லிவிட்டது.

ஜூலை 15

இன்று சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு எழுந்து போய் அலமாரியைத் திறந்தான். பிறகு, “சட்டை” என்றான். நல்ல சட்டை. அதைப் போட்டுவிட்டேன்.

வங்கியில் நோட்டரி. அந்தப் பெண் அடையாள அட்டையைப் பார்த்தாள், ஆர்லனைப் பார்த்தாள். “இந்த மனுவில கையெழுத்துப் போட்டது நீங்கதான்னு சத்தியம் பண்றீங்களா?”

அவனுக்கு வார்த்தை வரவில்லை. உதடு கோணியது, எச்சில் வழிந்தது. எனக்குப் பின்னால் வரிசை. துடைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டான்.

“நான்,” என்றான். பிறகு, “நான்தான்.”

காரில் வரும்போது கேட்டான்: “டுவேனா?”

எப்படித் தெரிந்ததோ. ஆமாம் என்றேன்.

ஜூலை 18

மூன்று நாளாகக் காரிலேயே குடியிருக்கிறேன். தள்ளிய கையெழுத்துக்காரர்களை வீடு வீடாகப் போய் வங்கிக்கு அழைத்து வருகிறேன். கல்யாணமாகிப் பெயர் மாறியவள், கை நடுக்கக்காரர், பண்ணையில் கட்டைவிரலை இழந்தவர். எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: “நான் நான்தான்னு நான் எதுக்குச் சொல்லணும்?” கேட்டுவிட்டு வண்டியில் ஏறுகிறார்கள்.

ஜூலை 22

ஜெயித்துவிடுவோம் என்று கோர்ட்னி சொன்னாள். நல்ல இடைவெளியாம். இன்னொரு நாள் கூடத்துக்கு வர முடியுமா, உங்கள் கண் கூர்மை என்றாள். போனேன்.

வேறு மேஜையில் உட்கார வைத்தாள். முதல் தாளைப் பார்த்ததும் குழம்பினேன். ஹேல்ஸ்டெட் பெயர் இல்லை. மிரியம் ஓக்ஸ் — அவளும் சுயேச்சைதான், முன்பு நர்ஸாக இருந்தவள். அவளுடைய மனு.

“நாம எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

“ஆட்சேபிக்கிற பக்கம்.” கோர்ட்னி என் முகத்தைப் பார்க்காமல் தாளைத் தள்ளினாள். “ஆட்டமா இருக்கறதையெல்லாம் சொல்லுங்க. உங்களுக்குத்தான் இப்ப அது நல்லாத் தெரியுமே.”

எந்த அர்த்தத்தில் சொன்னாள்? எந்த அர்த்தத்திலும் இல்லை என்று நினைக்கிறேன். அதுதான் மோசம்.

ஒரு கையெழுத்தைக் காட்டினார்கள். யாரோ ஒரு கிழவி. ஆடி ஆடி, கோட்டைத் தாண்டி.

“செல்லும்னு சொல்லுங்க. இது அவங்கதான்” என்றேன் அலுவலரிடம். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். கழிப்பறையில் போய்க் கையைக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன்.

ஜூலை 23

ஹேல்ஸ்டெட்டே போன் செய்தார். குரல் அதே மென்மை.

“கிளெண்டா, நீங்க வருத்தமா இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். அந்தம்மா நின்னா நம்ம ஓட்டு பிரியும். அப்புறம் ரெண்டு பெரிய கட்சியும் நம்மளை மிதிச்சிட்டுப் போயிடும்.”

“இதையேதான் டுவேனும் சொன்னான்” என்றேன்.

“யாரு?”

“எங்க பக்கத்து வீட்டுக்காரர்.”

பிறகு ஆர்லன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். பெயரை மறக்கவில்லை. நல்லா இருக்கார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நல்லா இருக்கார். தூ.

ஆகஸ்ட் 23

பட்டியல் வந்துவிட்டது. ஹேல்ஸ்டெட் உள்ளே. மிரியம் ஓக்ஸ் வெளியே. கோர்ட்னி பூ அனுப்பியிருந்தாள். வாடும்வரை பொறுக்கவில்லை, குப்பையில் போட்டேன்.

செப்டம்பர் 14

டுவேன் மக்காச்சோளம் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆர்லன் பார்த்தான். வேலியோரம் போய், ஒவ்வொன்றாக இடது கையால் டுவேன் வீட்டுப் பக்கம் எறிந்தான். பாதி எங்கள் பக்கமே விழுந்தது. நான் பொறுக்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 16

தொலைக்காட்சியில் ஹேல்ஸ்டெட் ஒரு மணி நேரம் பேசினார். வரி, எல்லை, நீதிமன்றம். மூடின ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஒரு வார்த்தை வருமென்று கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 6

நேற்று காலையிலேயே ஆர்லனை ஓட்டுப் போட அழைத்துப் போனேன். மறைவுக்குள் அவனே போனான், உதவி வேண்டாம் என்றான். வெகுநேரம் எடுத்துக்கொண்டான். வெளியே வந்து, “அவருக்கே” என்றான். “சத்தியம்... பண்ணினேனே.”

அதற்கில்லைடா அந்தச் சத்தியம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்தபின் சொல்லவில்லை.

இன்று முடிவுகள் வந்தன. யார் ஜனாதிபதி என்பதை எல்லாரும் பேசுகிறார்கள். நான் எங்கள் கவுண்டியை மட்டும் பார்த்தேன். ஹேல்ஸ்டெட்டுக்கு இங்கே விழுந்த ஓட்டு, நான் சேர்த்துக் கொடுத்த கையெழுத்துகளைவிடக் குறைவு. கையெழுத்துப் போட்டவர்களில் பலர் அவருக்கு ஓட்டுப் போடவில்லை.

நானும் போடவில்லை.