மேடத்தின் எடை

ஜூன் 9, செவ்வாய்

"உங்க வீட்ல நாய் வந்திருக்காமே, உங்களோடதா?" என்று பக்கத்து பெஞ்சுக்காரி கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன். "காகிதத்துல இல்ல. வீட்ல மட்டும்" என்றேன். அவள் பார்த்த பார்வையில், நாயை நான் எங்கிருந்தோ தூக்கி வந்துவிட்டதாக நினைத்தாள் என்று தெரிந்தது.

எனக்காவது தெளிவாக இருக்கட்டும். மேடம் ஒரு கறுப்பு லேப்ரடார், வயது ஒன்றரை. நாய்க்குட்டிகள் விற்கும் ஆன்ட்டிக்குச் சொந்தம். அவர் வீட்டில் ஏற்கெனவே ஒன்பது நாய்கள். எல்லாவற்றையும் கூண்டில் வைத்து வளர்ப்பது அவருக்குப் பிடிக்காது. அதனால் குட்டி போடப்போகும் பெண் நாய்களை நம்பகமான குடும்பங்களிடம் விட்டுவைக்கிறார். இதற்குக் காப்பாளர் வீடு என்று பெயர். சாப்பாடு, நடை, கொஞ்சல் எல்லாம் நம் பொறுப்பு. குட்டி போடும் சமயத்தில் மட்டும் அங்கே போவாள். இரண்டு முறை குட்டி போட்டுவிட்டால் காகிதத்திலும் எங்களுடையவள்.

ஒப்பந்தத்தில் பதினான்கு விதிகள். அவற்றை முழுதாகப் படித்தவள் நான் மட்டும்தான். ஆகவே மாத அறிக்கை எழுதுவது என் வேலை. "புரொபசருக்கு உத்தியோகம் கிடைச்சாச்சு" என்றாள் அக்கா.

மேடத்தின் பதிவுப் பெயர் ஒன்றரை வரி நீளம். முதல் நாள் கதவைத் திறந்ததும் நேராக அப்பாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அப்பா, "மேடம், கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா?" என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நாய் உள்ளே வந்தால் நான் வெளியே என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர்!

ஜூன் 14, ஞாயிறு

விதி ஏழு: மாதந்தோறும் எடை பார்க்க வேண்டும். 24 கிலோவுக்குக் குறையக் கூடாது, 28-ஐத் தாண்டக் கூடாது.

மேடம் எடை மெஷின்மேல் ஏற மறுத்தாள். முன்னங்கால் இரண்டை மட்டும் வைத்தாள்: ஒன்பது கிலோ. பிறகு அதை நக்கினாள்: நானூறு கிராம். கடைசியில் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். 97. அப்பா மட்டும் ஏறினார். 71. கழித்தால் மேடம் 26. மிகச் சரி!

அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "அடுத்த தடவை நான் ரெண்டு தடவை ஏற மாட்டேன்மா. 71-னு எழுதி வச்சுக்கோ. என் எடை என்ன ஓடியா போயிடும்?"

நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, கட்டம் கட்டினேன். அப்பா = 71.

ஜூன் 23, செவ்வாய்

மாலை நடைக்கு அப்பாதான் மேடத்தை அழைத்துப் போகிறார். வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. போனால் ஒரு மணி நேரம். நடை எவ்வளவு நல்ல பழக்கம்! வந்ததும் இரவுச் சாப்பாட்டைக்கூடக் குறைத்துக்கொள்கிறார்.

ஜூலை 12, ஞாயிறு

இருவரும் சேர்ந்து 100. அப்படியென்றால் மேடம் 29.

மூன்று முறை கழித்துப் பார்த்தேன். 29-தான். அறிக்கையை அனுப்பிய பத்தாவது நிமிடத்தில் ஆன்ட்டி கூப்பிட்டார்.

"என்னம்மா, நாய் வளர்க்கச் சொன்னேனா, பீப்பாய் வளர்க்கச் சொன்னேனா? குண்டா இருந்தா குட்டி போடும்போது அவளுக்குத்தான் ஆபத்து. அடுத்த மாசமும் இதே கதைன்னா வண்டியோட வருவேன்."

சத்தியமாகச் செய்வார். அது விதி ஏழின் இரண்டாம் பத்தியிலேயே இருக்கிறது.

ஜூலை 13, திங்கள்

சாப்பாட்டு மேசையில் விசாரணை. நான் நீதிபதி.

அம்மா, ரொட்டியின் ஓரங்களைக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டார். ("ஓரம்தானே, அதுல என்ன சத்து?") அக்கா, தினமும் அரை முட்டை. நீதிபதியும் ஒப்புக்கொண்டாள்: பாலாடைக்கட்டி, இரண்டு துண்டு, வீட்டுப்பாடம் எழுதும்போது. யார் பேசினாலும் மேடம் அவர் முகத்தையே நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா மட்டும் நெஞ்சில் கை வைத்தார். "நான் அவளுக்கு ஒரு துணுக்குக்கூடக் கொடுத்ததில்ல. சத்தியம்."

அவர் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். சிவக்கவில்லை.

இன்று முதல் மூன்று கப் சாப்பாடு இரண்டு கப்.

ஜூலை 19, ஞாயிறு

இருவரும் 100.5. மேடம் 29.5!

"காத்தக் குடிச்சே குண்டாகுதா இது?" என்றாள் அக்கா. மெஷின் கெட்டுவிட்டதோ? ஐந்து கிலோ சோப்புத்தூள் பையை வைத்துப் பார்த்தேன். சரியாக ஐந்து காட்டியது. மெஷின்மேல் குற்றமில்லை.

ஒன்றரை கப்.

ஜூலை 26, ஞாயிறு

30.5.

மேடம் குளியல் சோப்பைத் தின்றுவிட்டாள். நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாய் வளர்ப்புப் புத்தகத்தில் 'உணவு' என்ற அத்தியாயத்தை மட்டும் தின்றுவிட்டாள். மீதிப் பக்கங்களில், சரியான எடையுள்ள நாயின் விலா எலும்பு தடவினால் கைக்குத் தட்டுப்படும் என்று போட்டிருக்கிறது. தடவினேன். தட்டுப்பட்டது. தடவாமலேயே தெரிந்தது.

ஆனால் கணக்கு 30.5 என்கிறதே? கையை நம்புவதா, கணக்கை நம்புவதா? கணக்கைத்தான் நம்பினேன். ஒரு கப்.

அப்பாவின் சட்டைப் பொத்தான் ஒன்று பாயசக் கிண்ணத்தில் தெறித்து விழுந்தது. வாஷிங் மெஷின் துணியைச் சுருக்குகிறது என்று அம்மாவிடம் குறைப்பட்டார்.

ஆகஸ்ட் 8, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

தடுப்பூசிக்காக நாய் டாக்டரிடம் போனோம். ஆன்ட்டியும் வந்திருந்தார். அங்கே தரையோடு பதித்த பெரிய எடை மெஷின். மேடம் தானாகவே போய் நின்றாள்.

22.8.

"முப்பதரைன்னு இப்பதானே சொன்னே?" ஆன்ட்டியின் குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. கத்தியிருந்தால் தேவலை. நோட்டைக் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"அப்பா சமம் 71. இது எப்ப பார்த்தது?"

"ஜூன் பதினாலு."

டாக்டர், ஆன்ட்டி, அம்மா, அக்கா, நான், மேடம் – எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். மேலிருந்து கீழே இல்லை. நேராக நடுவில்.

"சார், கொஞ்சம் ஏறுங்க" என்றார் டாக்டர்.

அப்பா செருப்பைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். சாவிக்கொத்து, போன், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் அக்காவிடம் கொடுத்தார். ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

78.5.

"மூச்சைப் பிடிச்சா எடை குறையாதுங்க" என்றார் டாக்டர்.

அப்பாவின் வேலை லிஃப்ட் பழுதுபார்ப்பது. "எத்தனை கிலோ தாங்கும்னு ஊர்ல இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் சீட்டு ஒட்டுறீங்க. உங்களுக்கு ஒண்ணு ஒட்டிக்கக் கூடாதா?" என்றார் அம்மா.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பேக்கரி வாசல்ல மேடம் நின்னுடுவாங்க. எனக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணுன்னு ரெண்டு க்ரீம் பன் வாங்குவேன். வாங்கின பிறகுதான் ஒப்பந்தம் ஞாபகம் வரும். வீணாக்க மனசு வராம அவங்க பங்கையும் நானே..."

"தினமுமா?"

"ஞாயிறு தவிர. ஞாயிறு கடை லீவு."

ஆன்ட்டி சிரிக்கவில்லை. "ஒரு மாசமா என் நாய் பட்டினி கிடந்திருக்கு" என்றார். விதி பதினொன்று: உடல்நலம் கெட்டால் உடனே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மேடத்தைத் தன் வண்டியில் ஏற்றினார். அவள் பின்கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டே போனாள். ஏதோ நாங்கள் பின்னாலேயே வரப்போகிற மாதிரி.

என்னாலதான். எலும்பு கைக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் அரை கப் குறைச்சேன். எவ்ளோ பசிச்சிருக்கும்? சோப்பைத் தின்னிருக்கா, சோப்பை! நான் அதை இங்க ஜோக்கு மாதிரி எழுதி வச்சிருக்கேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ரொட்டி ஓரம் ஒன்று கீழே விழுந்தது. சாயங்காலம் வரை அங்கேயே கிடந்தது.

ஆகஸ்ட் 12, புதன்

திருத்திய அறிக்கை எழுதி ஆன்ட்டிக்கு அனுப்பினேன். கெஞ்சவில்லை. கெஞ்சினால் அது அறிக்கை ஆகாது. எந்தத் தேதியில் எத்தனை கப் குறைத்தேன், விலா எலும்பு எப்போது தெரிந்தது, சோப்பு, அத்தியாயம், எல்லாம் எழுதினேன். கடைசி வரி: 'மெஷின் சரி. நாய் சரி. தூக்கியவரை மறுபடி எடை பார்க்காததும், நாயைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்ததும் என் தவறு.'

அப்பா கீழே தாமும் கையெழுத்துப் போட்டு, 'க்ரீம் பன் என் தவறு' என்று சேர்த்தார்.

ஆகஸ்ட் 27, வியாழன்

பதினைந்து நாள் பதில் இல்லை. இன்று ஒரே ஒரு செய்தி: 'ஞாயிறு எல்லாரும் வாங்க. எடை மெஷினையும் எடுத்துட்டு வாங்க.'

ஆகஸ்ட் 30, ஞாயிறு

மேடம் என்னைக் கீழே தள்ளி, மேலே ஏறி நின்று முகத்தை நக்கினாள். எடை கூடியிருக்கிறது. அதை நெஞ்சாலேயே உணர்ந்தேன்.

"கொஞ்சினது போதும். எடை பாரு" என்றார் ஆன்ட்டி. பரீட்சை!

முதலில் அப்பாவை மட்டும் ஏற்றினேன்: 77.4. பிறகு இருவரும்: 102.5. கழித்தேன். இன்னொரு முறையும் கழித்துப் பார்த்தேன். 25.1. அதோடு நிற்காமல் விலாவைத் தடவினேன், மேலிருந்து இடுப்பு வளைவைப் பார்த்தேன். "சரியா இருக்கா" என்றேன்.

ஆன்ட்டி அவளைத் தன் பெரிய மெஷினில் நிறுத்தினார். 25.1.

கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டினார். "எல்லா வீட்டுக்காரங்களும் மாசாமாசம் 'நல்லா இருக்கா'ன்னு ஒரு வரி அனுப்புவாங்க. உண்மை என்னன்னு நான்தான் போய்ப் பார்க்கணும்" என்றார். பிறகு ஒப்பந்தத்தை எடுத்துப் பேனாவால் பதினைந்தாவது விதியை எழுதினார்: மாலை நடை பேக்கரித் தெரு வழியாகக் கூடாது.

அம்மா, அப்பாவுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டார்.

அக்டோபர் 4, ஞாயிறு

மேடம் என் கால்மேல் படுத்துக் குறட்டை விடுகிறாள். இடது கால் மரத்துப்போய்விட்டது. எழுப்ப மனமில்லை.

மதியம் தெரியாத ஒருவர் போன் செய்தார். ஆன்ட்டியிடமிருந்து புதிதாக ஒரு நாயை அழைத்து வந்திருக்கிற காப்பாளர் வீடாம். "அறிக்கை எப்படி எழுதறதுன்னு உங்ககிட்டதான் கேக்கணும்னு அவங்க சொன்னாங்க மேடம்" என்றார். என்னையா மேடம் என்கிறார்? மேடம் காதைத் தூக்கிப் பார்த்தாள்.

விவரமெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "உங்க வீட்ல நாயை யார் தூக்கிட்டு மெஷின்ல ஏறுவாங்க?"

"என் வீட்டுக்காரர்."

"அவரைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா? நான் தனியாப் பேசணும்."