ஒற்றைப்படைத் தேதி

நவம்பர் 1, இரவு.

தொண்டூர் கிணறு எனக்கும் தம்பி ஏழுமலைக்கும் பொது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. என் மோட்டாரைப் போனிலிருந்தே ஓடவிடும் கருவியைப் போன மாதம் நானே செய்து மாட்டினேன். ஒரு கம்பெனி இணையத்தில் ஆயத்தமாக வைத்திருக்கும் தளத்தில் செய்ததால் இரண்டே நாளில் முடிந்தது. தனியாகச் செய்திருந்தால் ஆறு மாதமாவது ஆகியிருக்கும். ஆனால் மோட்டாரின் கட்டளைகள் எல்லாம் அவர்களுடைய கணினி வழியாகத்தான் போகின்றன. அங்கே யார் கைவைக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இன்று தம்பியின் முறை. அவன் போவதற்குள் மோட்டார் ஓடிக் கிணறு வற்றியிருந்தது.

"இன்னாண்ணே, என் முறையில தண்ணி திருடற வயசா இது?" என்று சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

"நான் போனையே தொடலடா. கம்பெனிக்காரன் வேலையா இருக்கும்."

"அப்ப சரிண்ணே. உன்னயப் போயி சந்தேகப்படுவனா?"

பகல் முழுவதும் கம்பெனியைச் சந்தேகித்தேன். பிறகு தம்பியையே சந்தேகித்தேன். என் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். கடைசியாகத்தான் நான் கொடுத்திருந்த கட்டளையைத் திறந்து பார்த்தேன். ஒற்றைப்படைத் தேதிகளில் ஓட வேண்டும் என்றிருந்தது. நேற்று முப்பத்தொன்று. இன்று ஒன்று. இரண்டுமே ஒற்றைப்படை.

கட்டளையைத் திருத்திவிட்டேன். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. அவன் நம்பிவிட்டான், அதனால்தான் சொல்ல வாய் வரவில்லை.