ஒரே பழுப்புப் பட்டை

மார்ச் 3

என் செல்ல மகளுக்கு,

இப்போதுதான் கற்ற எழுத்து, கோணல்மாணலாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதே. ‘ழ’ போடுவதற்குள் வியர்த்துவிடுகிறது. ஆனாலும் நம் வீட்டு விஷயத்தை இனி தபால்காரரிடம் சொல்லி எழுதவைக்க வேண்டாம், பார்!

ஒரு படக்காரி தினமும் நம் கடற்கரைக்கு வருகிறாள். முதலில் பலகை முழுக்கச் செம்மண் நிறம் பூசினாள். காய்ந்ததும் அதன் மேல் நீலம், அதற்கும் மேல் வெளிர்பச்சை. இடையிடையே அடிச் செம்மண் எட்டிப் பார்க்கிறது. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம் வரிசை வீடுகளை மட்டும் ஒரே பழுப்புப் பட்டையாக இழுத்துவிட்டாள்.

“என் வீடு எங்கேம்மா?”

“அதுக்குள்ளதான் இருக்கு ஐயா. ஒவ்வொண்ணா வரைஞ்சா படம் பாத்திரக்கடை மாதிரி ஆயிடும்.”

சிரித்து மழுப்புகிறாள். யாருக்காக என்று கேட்டால் வாயே திறப்பதில்லை. வீடுகளை இடித்து விடுதி கட்ட யாரோ அனுப்பிய ஆள் என்றே நினைக்கிறேன். வருடக் கடைசியில் நீ வேலையை விட்டு இங்கேயே வந்துவிடும்போது வீடு இருக்க வேண்டாமா?

உன் அப்பா

மார்ச் 12

அன்புள்ள அப்பா,

உங்கள் கையெழுத்தை அலுவலகம் முழுக்கக் காட்டிவிட்டேன்! பாவம், அவளைச் சந்தேகப்படாதீர்கள். அவள் என் தோழி. படம் கேட்டது நான்தான். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றதும் நான்தான். புது வீட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறேன். மருந்தை மறக்காதீர்கள்.

உங்கள் சின்னவள்

மார்ச் 20

சின்னவளே,

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டித் திரும்பத் திரும்பப் படித்தேன். புது வீடா? வருடக் கடைசியில் இங்கே வருகிறவளுக்கு அங்கே கூடம் எதற்கு? கடலோரத்தில் இருக்கப்போகிறவள் கடலைப் படமாக மாட்டுவாளா?

படக்காரியிடம் போய் நின்றேன். “அவ வரலியாம்மா?” என்றேன். பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை.

ஆள் மாற்றிச் சந்தேகப்பட்டுவிட்டேன்.

கோபமில்லை. படம் முடிந்துவிட்டது. “கடைசிப் பூச்சு என் வீட்லயே காயட்டும்மா” என்று நைச்சியமாகப் பேசி வாங்கி வந்து, கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட்டேன். அது தபாலில் வராது. வேண்டுமானால் நீயே வந்து கழற்றிக்கொள்.

கடிதம் மட்டும் தவறாமல் வரும்.

உன் அப்பா