சரவணன் வைத்த பட்டன்

மார்கழி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி.

என் மகன் சரவணனோடு சேலத்தில் வேலை பார்த்த தினேஷ் இன்று எங்கள் ஊர் கொட்டச்சேட்டுக்கு வந்திருந்தான். ஏற்காட்டில் ரூம் புக் பண்ணுவதற்கு சரவணன் கடைசியாகச் செய்த வெப்சைட்டைப் போனில் காட்டினான்.

சரவணன் எதைச் செய்தாலும் முதலில் என்னிடம்தான் கொடுப்பான். எங்கே அழுத்துவது என்று சொல்லமாட்டான், பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பான். "தெரிஞ்ச மாதிரி நடிக்காதம்மா. உனக்குப் புரியலைன்னா தப்பு என்மேலதான்" என்பான். வேறு யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. இதை மட்டும் கொடுக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டான்.

பணம் கட்டும் பட்டனைத் தேடினேன்.

"கீழ பாருங்கம்மா" என்றான் தினேஷ்.

"சும்மா இரு கண்ணு. அவன் சொல்லமாட்டான்."

நெடுநேரம் தேடினேன். "காணலை சாமி" என்றேன்.

"வெளிர் பச்சையில இருக்குது, அதான் கண்ணுக்குத் தெரியலைங்கம்மா. உங்ககிட்டப் பாஸ் ஆகலைன்னா சரவணன் எதையும் வெளிய விடமாட்டானுங்க. அதை எடுத்துட்டு வேற வெச்சுடறேனுங்க."

அது சரவணன் கையால் வைத்தது. கிடைத்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அப்படியே இருந்திருக்கும். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது, பொய் வரவில்லை.

தினேஷ் இந்நேரம் அதை எடுத்திருப்பானோ என்னவோ.