மிருதுளா என்று அச்சடித்த இடங்களில்

அன்புள்ள மிருதுளா அக்காவுக்கு, முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே. அம்மாவின் கடிதத்தில் எல்லோரும் சௌக்கியம் என்று இருக்கும். அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது, லேக் மார்க்கெட்டில் நல்ல முருங்கைக்காய் வருகிறது, அதெல்லாம் நிஜம்தான். நான்தான் சௌக்கியமாக இல்லை. ஸ்ரீனிவாசராகவன் மாமா நாளைக் காலை உன் ஊருக்குக் கிளம்புகிறார், அம்மா இன்னும் ஒட்டாமல் வைத்திருக்கும் உறைக்குள் இதைச் செருகிவிடுவேன்.

அப்பா எழுதிய அறிவியல் கதைப் புத்தகம் தொலைந்துவிட்டது என்று உன்னிடம் போனில் சொன்னாரே, அது தொலையவில்லை. என் மெத்தைக்கு அடியில் இருந்தது, இப்போது மடியில் இருக்கிறது.

நீ இணையத்தில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் திரட்டுகிறாய், அறுநூறு பேர் கொடுத்தாகிவிட்டது, அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு பதிப்பகம் உரிமையை விட்டதும் அந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம், அச்சடிக்கலாம் என்று அப்பா மாடிப்படியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். என் பெண் செய்கிறாள் என்பார். நான் பக்கத்தில்தான் நிற்பேன். பதிப்பகத்திடமே பிரதி இல்லை, நம் வீட்டில் இருப்பது ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஸ்கேன் செய்து அனுப்பாவிட்டால் பணம் எல்லோருக்கும் திரும்பிப் போய்விடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒளித்தேன்.

அதில் எல்லாக் கேள்வியையும் நீதான் கேட்கிறாய் அக்கா. ட்ராம் கம்பியில் ஏன் பொறி பறக்கிறது என்று கேட்டாள் மிருதுளா. கங்கை சில வேளை ஏன் திரும்பி ஓடுகிறது என்று கேட்டாள் மிருதுளா. நான் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்ததே அதில்தான். ஏழு வயதில் ஒரு மத்தியானம் நீலப் பேனாவால் எல்லாப் பக்கத்திலும் உன் பெயரை அடித்துவிட்டு வைஷாலி என்று எழுதினேன். அதற்குப் பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை, ஏழு வருஷமாக அது என் புத்தகம். உன்னோடு படித்த கௌசிக் அண்ணா ஜாதவ்பூரிலிருந்து ஸ்கேனரோடு வந்தால் என் கிறுக்கலை அறுநூறு பேரும் பார்ப்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்வேன். எல்லாவற்றையும் சுத்தம் செய்து மறுபடி உன் பெயரைப் போட்டுவிடுவார்கள், அதுதான் முடியவில்லை.

ஆனால் நேற்று அப்பா ஸ்மிதா மாஷியிடம் கேட்டுவிட்டார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டாயா என்று மெதுவாகத்தான் கேட்டார். மாஷி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எப்போதும் அண்ணா என்று கூப்பிடுகிற அதே குரலில், "தாதா, உங்க வீட்டுப் பேப்பரைக்கூட நான் தேதி பார்த்துத்தான் அடுக்கறேன்," என்றாள். இன்று வேலைக்கு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. போனால் போகட்டும் என்று அப்பா சொன்னார். அம்மாவே பாத்திரம் தேய்த்தாள்.

அதனால் நீ ஒன்று செய். அம்மா உனக்குக் கொடுத்தனுப்பும் பொடி டப்பாக்களுக்கு நடுவே புத்தகத்தை வைத்து அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை மாமா கொடுத்துவிடுவார், நீயே ஸ்கேன் செய்துகொள். போன தடவை வந்தபோது தெரியாமல் எடுத்துப்போய்விட்டேன் என்று அப்பாவிடம் சொல். உன்னைத் திட்டமாட்டார். நீ சைக்கிளைத் தொலைத்தபோது சிரித்தாராம், நான் குடையைத் தொலைத்தபோது இரண்டு நாள் பேசவில்லை. மாஷியிடமும் நீயே போனில் மன்னிப்புக் கேட்டுவிடு. நீ எடுக்கவில்லையே, எப்படிக் கேட்பாய் என்று இதை எழுதும்போதே தோன்றுகிறது, ஆனாலும் கேள்.

அங்கே குளிர் அதிகமாம், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இன்னும் ஒன்று, கடைசிக் கதையில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் என் பெயரை அழிக்காமல்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "மிருதுளா, இன்னும் விளக்கு எரியறதே, தூங்கலையா?" என்கிறார். தூக்கக் கலக்கத்தில் அவருக்கு உன் பெயர்தான் வரும். எப்போதும் வைஷாலி என்று உள்ளேயிருந்தே கத்துவேன். இன்று கத்தவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறேன்.